புத்தாண்டுக் கணிப்புகளும் புறப்படாத ரயில்களும்

மார்கழி பிறந்தால் வாசலில் கோலம் பெரிதாகும். பத்திரிகைகளில் பட்டியல் பெரிதாகும். ‘வரும் ஆண்டின் பத்துத் தொழில்நுட்பங்கள்’, ‘எந்தத் தொழில் உயரும், எது சரியும்’ என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதித் தள்ளுகிறார்கள். முன்பெல்லாம் மனிதர்களுக்கு மட்டும்தான் ராசிபலன் வரும். இப்போது கணிப்பொறிக்கும் பேட்டரிக்கும்கூட வந்துவிட்டது. மனிதர்களின் ராசிபலனைப் படித்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்தப் பட்டியல்களை அப்படி மறப்பதில்லை. இவற்றை நம்பிப் பணம் கட்டுகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தாபுராவில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தருமபுரி மாவட்டத்துக்காரர். பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மகள் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. படிக்கிறாள். அவர் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு கல்லூரி விளம்பரம் இருந்தது. செயற்கை நுண்ணறிவுப் பாடப்பிரிவு. அடுத்த பத்தாண்டுகளுக்கு உலகமே இதன் கையில்தானாம். இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கும் முக்கால் ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கப் பேச்சு நடக்கிறது.

“சார், நீங்க ரயில்வேல இன்ஜினீயரா இருந்தவரு. இனிமே எது மேல போகும்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, நான் பணத்தைக் கட்டிடறேன்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது, ஊரை விட்டு வந்து இங்கே பிழைக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு ஜோசியன்தான்

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், ஜல்லி, பாலம் என்று காலம் கழித்து 2019-ல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் உறவினர் மத்தியில் ‘இன்ஜினீயர் மாமா’ சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை நான் ஒருமுறை தவறாகச் செலவழித்தேன்.

1999-ல் என் மைத்துனர் சிறு தொழில் ஒன்று தொடங்க யோசனை கேட்டார். “எஸ்.டி.டி. பூத் வையுங்கள், கூடவே ஒரு பேக்ஸ், ஒரு ஜெராக்ஸ். மனிதன் சாப்பிடாமல்கூட இருப்பான், பேசாமல் இருக்க மாட்டான்” என்றேன். அவர் வைத்தார். மனிதன் பேசாமல் இருக்கவில்லை என்பது உண்மை. தன் சட்டைப்பையிலிருந்தே பேசத் தொடங்கிவிட்டான்! நம் நாட்டில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்றே நடந்துவிட்டது. நான் யோசனை சொன்னபோது அந்தச் செய்தி நான்கு வருடப் பழசு. ‘அது பணக்காரர் விளையாட்டு’ என்று ஒதுக்கியிருந்தேன். 2003-ல் வரும் அழைப்புகள் இலவசமாயின. பூத்துக்கு வந்த கூட்டம் மாதத்துக்கு மாதம் குறைந்தது. கடைசியில் கண்ணாடிக் கதவை இறக்கி எடைக்குப் போட்டார். இன்றுவரை “மாமா, நீங்க சொல்லித்தானே செஞ்சேன்” என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மனிதர்கள் தொலைவிலிருந்து பேச விரும்புவார்கள் என்ற கணிப்புச் சரி. எந்தக் கருவியில், எப்போது என்பதில்தான் பிழை. கணிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தடம் புரள்கின்றன.

பெரியவர்கள் போட்ட கணக்கு

என் போன்ற சிறியவனை விடுங்கள். பெரியவர்களின் கணக்கைப் பார்ப்போம்.

1983-ல் வங்கிகளில் கணிப்பொறி புகுத்துவது பற்றி ஆராய ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1980-களின் நடுவில் ரயில்வேயிலும் கணிப்பொறி முன்பதிவு டெல்லியில் தொடங்கியது. அப்போது தொழிற்சங்க வாயிற்கூட்டங்களில் நானும் நின்றிருக்கிறேன். ‘இயந்திரம் வந்தால் குமாஸ்தா வீட்டுக்குப் போவான்’ என்று முழங்கினோம். அடுத்த பத்து வருடத்தில் நாங்கள் பயந்தது போல் கவுன்டர்கள் காலியாகவில்லை. பதிவேட்டைப் புரட்டியவர்களே விசைப்பலகையைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, பயம் வீண்’ என்று நிர்வாகம் சொன்னது. பிறகு 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் முறை வந்தது. இன்று முன்பதிவு நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள், வரிசை எவ்வளவு சிறுத்துவிட்டது என்று. பயம் முழுப் பொய்யாகவில்லை. அது பல ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது.

1999-ல் இன்னொரு பெரிய கணிப்பு. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்த கணிப்பொறிகள் 2000 பிறந்ததும் குழம்பிப்போகும், விமானம் விழும், வங்கி முடங்கும் என்றார்கள். நள்ளிரவு வந்தது, போனது; ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அதற்கு ஒரு காரணம், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உட்கார்ந்து அந்த நிரல்களைத் திருத்தியதுதான். பெங்களூரு, சென்னை நிறுவனங்களுக்கு அந்த வேலை பெரிய வாசலைத் திறந்துவிட்டது. சில எச்சரிக்கைகள் பொய்யாவதற்காகவே சொல்லப்படுகின்றன. பாதையில் நாங்கள் நடும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை மாதிரி. ரயில் மெதுவாகப் போய் ஒன்றும் ஆகாமல் கடந்துவிட்டால், பலகை வைத்தவன் முட்டாள் என்று ஆகிவிடாது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, ‘இனி மூன்று தலைமுறைக்கு வேலை’ என்று பேசாத ஊர் இல்லை. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஏராளமான இளம் பெண்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். ‘தமிழ்நாட்டில் செல்பேசித் தொழில் அவ்வளவுதான்’ என்று அப்போது எழுதினார்கள். அதுவும் தவறு. 2020-ல் அதே இடத்தில் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் ஐபோனே உருவாகிறது. ஏறுமுகத்தில் சொன்னதும் தவறு, இறங்குமுகத்தில் சொன்னதும் தவறு. நடுவில் சில ஆண்டுகள் சம்பளமின்றி இருந்த பெண்களுக்கு எந்தக் கணிப்பாளரும் ஈடு கட்டவில்லை.

2019 டிசம்பரில் வந்த பட்டியல்களை நான் ஓய்வுபெற்ற உற்சாகத்தில் கத்தரித்து வைத்திருந்தேன். 2020-ஐப் பற்றி அதில் எல்லாம் இருந்தது, கொரோனாவைத் தவிர. 1974 வேலைநிறுத்தத்தின்போதுகூட முழுவதும் நிற்காத பயணி ரயில்கள் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் நின்றன. அந்தக் கத்தரிப்புகளை இன்னும் வைத்திருக்கிறேன். செருக்கு வரும்போது எடுத்துப் படிப்பேன்.

நம் வாசலிலேயே இருக்கும் பாடம்

தொலைவில் எதற்குப் போக வேண்டும்? நம் சந்தாபுராவே ஒரு பாடப்புத்தகம்.

1970-களின் இறுதியில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதொகூரு பக்கம் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை அமைக்கக் கியோனிக்ஸ் நிறுவனத்தின் ஆர்.கே. பாலிகா முனைந்தார். பெங்களூருவை இந்தியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்று இந்தப் பக்கம் கேழ்வரகு விளைந்த பூமி. இன்று நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த எண்ணம்தான். அதன் முழு வளர்ச்சியைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அப்துல் கலாமும் ராஜனும் 1998-ல் எழுதிய ‘இந்தியா 2020’ நூலையும் இந்த வரிசையில் வைக்கிறேன். 2020-க்குள் நாடு வளர்ந்த நாடாகிவிடவில்லை என்பதற்காக அதைப் பொய்த்த ஜோசியம் என்பது தவறு. அது வேலைத் திட்டம். வேலைத் திட்டம் போடுகிறவர் தம் தோளையும் கொடுக்கிறார்.

இனி மெட்ரோ கதைக்கு வருவோம். இரண்டாம் கட்டத்துக்கு 2014-ல் ஒப்புதல் கிடைத்தது. அன்று முதல் இந்தச் சாலையில் வீடு விற்றவர்கள் எல்லாரும் ‘அடுத்த ஆண்டு மெட்ரோ’ என்றே விற்றார்கள். அதை நம்பிக் கடன் வாங்கி, வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டித் திணறிய குடும்பங்களை நான் அறிவேன். ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவும் மூன்றே ரயில்களோடு, 25 நிமிடத்துக்கு ஒன்றாக. ஏன் இந்தத் தாமதம்? கடைசியில் பாதை தயார், பெட்டி இல்லை! பெட்டிகளுக்கான ஒப்பந்தம் 2019-ல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. 2020-ல் எல்லையில் மோதல். அதன் பின் கட்டுப்பாடுகள், விசா சிக்கல்கள். கடைசியில் கொல்கத்தா பக்கம் ஓர் ஆலையோடு கூட்டுச் சேர்ந்து பெட்டிகள் வந்தன. லடாக்கில் நடக்கும் கைகலப்பு பொம்மசந்திராவில் ரயிலை நிறுத்தும் என்று எந்த நிபுணர் எழுதினார்?

இப்போது விற்பனையாளர்கள் பொம்மசந்திராவைத் தாண்டி, ‘ஓசூர் வரை மெட்ரோ’ என்கிறார்கள். சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வு செய்தது உண்மை. ஆனால் ஒன்று கவனியுங்கள். பெங்களூரு மெட்ரோ, பக்கத்தில் போடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது. ஓசூரில் ஏறியவர் பெட்டி மாறாமல் ஆர்.வி. ரோடு போக வேண்டுமானால், எந்த மின்சாரம் என்று இரண்டு மாநிலங்களும் முதலில் முடிவு செய்ய வேண்டும். விளம்பரத் தாளில் வோல்ட் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, பாருங்கள்.

நம் ஹீலலிகே நிலையத்திலிருந்து ராஜானுகுண்டே வரை செல்லும் தடத்தையும் சேர்த்து 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 40 மாதங்களில் முடியும் என்றார்கள். 40 மாதங்கள் கடந்துவிட்டன, ரயில் வரவில்லை. ரயில்வேக்காரனாக எனக்கு இதில் வியப்பில்லை. நிலம் கைக்கு வர வேண்டும், அடியில் போகும் குழாயும் கேபிளும் மாற வேண்டும், ஓடுகிற ரயிலுக்கு இடையூறில்லாமல் வேலை செய்ய வேண்டும். ரயில் வரும் என்று நான் இன்னும் நம்புகிறேன். எந்தத் தேதியில் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

பட்டியலில் வராதவை

இன்னொரு குறையும் உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் புதிதாக மின்னுவதை மட்டும் எழுதுகிறார்கள். 2024-க்கான பட்டியல்களில் செயற்கை நுண்ணறிவு இல்லாத பக்கம் இல்லை. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தபின் அது இயல்புதான். ஆனால் 2024 மார்ச்சில் பெங்களூரு பேசியது என்ன? தண்ணீர்! ஆழ்குழாய்கள் வற்றின, லாரித் தண்ணீர் விலை ஏறியது, குழந்தைகளைக் குளிப்பாட்டக் கணக்குப் பார்த்தோம். நம் சந்தாபுரா ஏரியைக் காப்பாற்றத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-லேயே கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. அந்தச் செய்தியும் ஒரு கணிப்புத்தான். அதை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

பணமில்லாப் பரிவர்த்தனையும் அப்படியே. 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது இளநீர்க்காரர் வண்டியில் கியூ.ஆர். அட்டை தொங்கும் என்று எத்தனை பேர் எதிர்பார்த்தார்கள்? அது பழகிப்போன பின், 2025 ஜூலையில் அந்த வரவுக் கணக்கைப் பார்த்துக் கர்நாடக வணிக வரித்துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் என்று யார் சொன்னார்கள்? பேக்கரிகளிலும் பெட்டிக்கடைகளிலும் ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி அட்டையை இறக்கிவிட்டார்கள். நம்மவர் கடைகளும் அதில் உண்டு. ஒரு கருவி வருகிறது என்றால், அதன் பின்னால் சட்டமும் வரியும் நடந்து வருகின்றன.

மூன்று கேள்விகள்

அப்படியானால் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் நான் இன்ஜினீயர் அல்லன். ஒரு நிலையத்திலிருந்து ரயிலை விடுமுன் அடுத்த நிலையத்தில் ‘லைன் கிளியர்’ கேட்பது எங்கள் வழக்கம். அதுபோல் எந்தக் கணிப்பைக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

சொல்கிறவர் எதை விற்கிறார்? கல்லூரி இடமா, வீட்டு மனையா, பங்கா? விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தேதியை மட்டும் நம்பாதீர்கள்.

எவ்வளவு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது? ஜல்லி கொட்டி, தண்டவாளம் இறங்கியிருந்தால் ரயில் ஒருநாள் வரும். வரைபடம் மட்டும் இருந்தால் காத்திருங்கள்.

தவறினால் நட்டம் யாருக்கு? கணிப்பாளர் அடுத்த டிசம்பரில் புதுப் பட்டியல் எழுதுவார். அடமானம் வைத்த நிலம் அவருடையது அன்று.

என் சிற்றறிவுக்கு எட்டியவை

இவ்வளவு சொல்லிவிட்டு நழுவுவது முறையல்ல. வரும் ஆண்டைப் பற்றி நான் துணிந்து சொல்லக்கூடியவை இவ்வளவே.

செயற்கை நுண்ணறிவு போடப்பட்ட தண்டவாளம். அது திரும்பிப் போகாது. ஆனால் யார் வேலை போகும் என்பதில் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ‘புதியவர்களுக்குத்தான் ஆபத்து’ என்றார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவியினர் என்றார்கள். ஆகவே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நாற்பது வயது நண்பர்கள் வரும் ஆண்டில் புதிய வீட்டுக் கடன் எடுக்குமுன் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

மின்சார வண்டி வளரும். ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று நம் கண்ணெதிரிலேயே தயாராகிறது. அதில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. அந்த உதிரிகளையே கடைந்துகொண்டிருக்கும் பொம்மசந்திரா, ஓசூர்ப் பட்டறைகள் வேறு வேலையும் தேடியாக வேண்டும். ஆனால் நாளைக்கே என்று பயப்படவும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பெட்ரோல் வண்டிக்கு அது கொஞ்சம் கூடுதல் ஆயுள். கிடைத்த அவகாசத்தில் சி.என்.சி. நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர் பிழைப்பார்.

மூன்றாவது, கோடை வரும்; தண்ணீர் குறையும். இதில் எனக்கு ஐயமே இல்லை. மொட்டைமாடி மழைநீரைச் சேமிக்கக் குழாய் போடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொன்னது

லேத் பட்டறை அன்பரிடம் நான் சொன்னது இதுதான்: “முன்பணம் இப்ப வேண்டாம். பரீட்சை முடியட்டும், சி.இ.டி. தரவரிசை வரட்டும். அரசு ஒதுக்கீட்டுல கிடைக்கிறதைப் பார்த்து முடிவு பண்ணலாம். பாடப்பிரிவு பேருக்காக நிலத்தை வைக்காதீங்க.” அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியில்லை. இன்ஜினீயர் பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்திருக்கலாம்.

மறுவாரம் அந்தப் பெண்ணே வந்தாள். “தாத்தா, நீங்க படிச்சப்ப கம்ப்யூட்டர் இருந்துச்சா?” என்றாள். இல்லை என்றேன். “அப்புறம் எப்படி சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். என் நாற்பது ஆண்டு வேலையில் கருவிகள் நான்கைந்து முறை மாறின. மீட்டர் பாதை அகலப்பாதையானது, மரக்கட்டை கான்கிரீட் ஆனது, கையால் ஜல்லி கிண்டிய இடத்துக்கு இயந்திரம் வந்தது. மாறாமல் கூட வந்தவை மூன்று: கணக்கு, வரைபடத்தைப் படிக்கும் பழக்கம், பார்த்ததைப் பிறருக்குப் புரியும்படி நாலு வரியில் எழுதும் திறமை. அதையே அவளிடம் சொன்னேன். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இந்த மூன்றையும் விடாதே என்றேன். குறித்துக்கொண்டாள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பது இன்னும் முடிவாகவில்லை. நிலம் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் வரும் கணிப்புப் பட்டியல்களை, என் கட்டுரையையும் சேர்த்து, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் அதைப் பிரித்து உரக்கப் படிப்போம். எது பலித்தது, எது பொய்த்தது என்று பிள்ளைகள் முன்னால் பார்ப்போம். அதோடு, மாதம் ஒரு ஞாயிறு, பல தொழில்களில் இருந்து ஓய்வு பெற்ற நம்மவர் நாலு பேர் உட்கார்ந்து, முன்பணம் கட்டுமுன் வரும் பெற்றோருக்கு இலவசமாக யோசனை சொல்லலாம். நான் வரத் தயார். எஸ்.டி.டி. பூத் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.